இருளில் ஆடுவோர்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் காளி, மாரியம்மன் கோயில்களின் சடங்கு நாட்களில் ஊர் உறங்குவதில்லை. இரவிரவாகப் பறையும் உடுக்கும் அதிர, வேப்பிலை ஏந்தியவர் மேல் தெய்வம் ஏறுகிறது. சடங்கை நடத்தும் கட்டாடியார் முன்னே அவர் தன் பெயரையும் வீட்டையும் மறந்து ஆடுகிறார். அதே ஊர்களில் வேர்கொண்டு இன்று இலண்டனிலோ ரொறன்ரோவிலோ வாழும் பிள்ளைகளில் சிலர் சனி இரவுகளை நிலவறை இசைக்கூடங்களில் கழிக்கிறார்கள். அங்கேயும் இருட்டு, நெருக்கம், வியர்வை, நெஞ்சுக்கூட்டைக் குலுக்கும் தாளம், விடியும்வரை ஆட்டம். முன்னதைப் பக்தி என்றும் பின்னதைச் சீரழிவு என்றும் பெற்றோர் பிரிக்கிறார்கள். தன்னை மறப்பதுதான் ஆன்மிகம், ஆகவே இரண்டும் ஒன்றே என்று பிள்ளைகள் வாதிடுகிறார்கள். தன்னை மறந்தவருக்குள் அதன்பின் யாருக்கு இடம் கிடைக்கிறது என்று இரு தரப்பும் கேட்பதில்லை. என் வாதம் அந்தக் கேள்வியில்தான் நிற்கிறது.

பெற்றோரின் மறுப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். இருட்டு, இரைச்சல், மது, ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுவது எல்லாம் தெய்வத்துக்கு ஆகாதவை என்பது அவர்கள் கட்சி. சைவர்கள் இப்படிச் சொல்வது பொருந்தாது. பதினோராந் திருமுறையில் வைத்துப் போற்றப்படும் திருமுருகாற்றுப்படையில், குன்றுதோறாடல் பகுதியில், மலைக்குடிகள் தேனில் விளைந்த தேறலை உண்டு மகிழ்ந்து தொண்டகப் பறைக்குக் குரவை ஆடுகிறார்கள். வெறியாடும் களத்தில் ஆட்டுக் குருதியும் வாத்தியங்களின் முழக்கமும் உண்டு. அதைப் பாடிய நக்கீரர் எதையும் மறைக்கவில்லை. முருகன் அங்கேயும் உறைகிறான் என்றே பாடுகிறார். சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் சாலினி தெய்வமேறி ஆடுவதும் ஊர் நடுவே மன்றத்தில்தான். மது குடும்பங்களை அழிப்பது இந்தக் கரைகளுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் குற்றத்தை மதுவின் மேலேயே சுமத்துவோம், ஆட்டத்தின் மேல் ஏற்ற வேண்டாம்.

பிள்ளைகளின் வாதம் இன்னும் நுட்பமானது. அதற்குப் பதில் சொல்லச் சைவ சித்தாந்தத்திடம்தான் போக வேண்டும். 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் இயற்றிய திருவருட்பயனில் இருள்மல நிலை ஓர் அதிகாரம், அருளது நிலை அதற்கு அடுத்த அதிகாரம். ஆணவம் என்னும் அந்த இருள்மலத்தில் முழுதும் அழுந்திய உயிர் எதையும் அறியாமல் கிடக்கிறது. அருளில் அடங்கிய உயிரும் ‘நான்’ என்று முனைந்து எழுவதில்லை. வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டிலும் தற்போதம், அதாவது ‘நான்’ என்னும் முனைப்பு, தெரியாது. ஆனால் ஒன்று ஆணவத்தில் மூழ்கிய கேவல நிலை, மற்றது அருளில் அடங்கிய சுத்த நிலை. புற இருள் பொருள்களை மறைத்தாலும் தன்னைக் காட்டும், ஆணவ இருளோ தன்னையும் காட்டாது என்கிறார் உமாபதியார். இதைக் கொண்டு பார்த்தால், என்னை மறந்தேன் என்று மகிழ்கிறவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதற்கு அவருடைய மகிழ்ச்சி சாட்சியாகாது. வேறு சான்று வேண்டும்.

அந்தச் சான்று மட்டக்களப்பின் மிகக் கொடிய போர் ஆண்டுகளில் இருக்கிறது. 1990 செப்டம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தோரில் 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. அவர்கள் திரும்பவில்லை. பிள்ளை எங்கே என்று வாய்விட்டுக் கேட்கவே தாய்மார் அஞ்சிய காலம் அது. அந்தப் பத்தாண்டில் இங்கு ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் பட்ரிசியா லோரன்ஸ், கோயில்களில் வாக்குச் சொல்வோரிடம் அந்தத் தாய்மார் போய் நின்றதை விரிவாக எழுதியிருக்கிறார். உருவேறியவர் காணாமற்போனவரின் வேதனையைத் தம் உடம்பில் வாங்கி நடுங்கினார். தாய் வெளியே பேச முடியாததை அவர் பேசினார். அந்த வாக்குகள் பலித்தனவா என்று ஒருவர் கேட்கலாம். பொய் நம்பிக்கை பெற்றுத் திரும்பிய தாயும் இருந்திருப்பாள், அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் ஆடியவர் தம்முடைய ‘நான்’ விலகிய இடத்தில் இன்னொருத்தியின் துயரத்தை இருத்தினார். ஊர் பார்த்திருக்க இருத்தினார். கேட்டவளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டு நின்றார். அருள் என்று நான் சொல்வது இதைத்தான்.

அப்படியானால் நிலவறைக்கு இது வாய்க்காதா? வாய்த்திருக்கிறது. 1989இல் பெர்லின் சுவர் விழுந்தது. 1991இல் அந்நகரின் பழைய வெர்தைம் அங்காடிக்கு அடியிலிருந்த பெட்டக அறைகளில் ட்ரெசோர் என்ற நடனக்கூடம் திறந்தது. சுவரின் இருபுறமும் பிரிந்து வளர்ந்த இளைஞர்கள் அந்தத் துருவும் ஈரமும் நிறைந்த அறைகளில் சேர்ந்து ஆடினார்கள். 1977இல் சிக்காகோவில் தொடங்கிய வேர்ஹவுஸ் கூடத்தில், நிறத்தாலும் காதலாலும் ஒதுக்கப்பட்டவர்களுக்கு இசைத்தட்டுக் கலைஞர் ஃபிராங்கி நக்கிள்ஸின் இசை ஓர் இருப்பிடம் தந்தது. பணமுள்ளவரை மட்டும் உள்ளே விட்டு, மயங்கி விழுந்தவரைத் தாண்டிக்கொண்டு ஆடும் கூடங்களும் உலகெங்கும் உண்டு. அவற்றில் நிகழ்வது வெறும் கேவலம். இந்த அளவுகோல் நம் கோயில்களையும் விடாது. பறை முழங்காமல் சடங்கு இல்லை. அந்தப் பறையை அடிப்பவரைச் சாதி சொல்லி வெளியே நிறுத்திய வழக்கம் இந்தக் கரைகளில் நெடுங்காலம் இருந்தது, இன்றும் முற்றாக நீங்கவில்லை. இன்னொருவருக்கு இடம் கொடுக்காத ஆட்டத்தை வாசலுக்கு வெளியே கண்டால் சீரழிவு என்றும் உள்ளே கண்டால் பக்தி என்றும் சொல்ல நமக்கு உரிமை இல்லை. சனி இரவு எங்கே போனாய் என்று பிள்ளையை அதட்டுகிற பெற்றோர், அங்கே விழுந்தவரை யார் தூக்கினார்கள் என்று ஒருமுறை கேளுங்கள். கோயில்களை நடத்தும் வண்ணக்கர்மார் அடுத்த சடங்குக்கு நாள் வைக்குமுன் கூடிப் பேசுங்கள்; பறை அடிப்பவரை உள்ளே அழைத்து, முன்னீடு என்னும் கோயில் மரியாதையில் அவருக்கும் பங்கு கொடுங்கள்.