பை மண்ணும் வளவு மண்ணும்



லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்திலே நம் ஆண்டவர் ஓர் அத்திமரத்தின் கதையைச் சொல்கிறார். மூன்று ஆண்டுகளாகக் கனி தேடி வந்து ஏமாந்துபோன உரிமையாளர், அம்மரத்தை வெட்டிவிடும்படி சொல்கிறார். தோட்டக்காரரோ இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறார். அந்த ஓராண்டில் அவர் என்ன செய்யப்போகிறார்? மரத்தைச் சுற்றிக் கொத்தி, எரு இடப்போகிறார். கனியில்லாத குறைக்கு மருந்தை அவர் மரத்தின் அடியிலுள்ள மண்ணிலே தேடுகிறார்.

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே எழுவான்கரையில் குடியிருக்கும் நமக்கு இக்கதை நன்றாக விளங்கவேண்டும். நம் காலடியில் கிடப்பது மணல். ஒரு வாளி தண்ணீரை ஊற்றினால் அது நில்லாமல் கீழே இறங்கிவிடும். இட்ட பசளையும் அதனோடு கரைந்து போய்விடும். ஆகவேதான் வீட்டுத் தேவைக்கு நாலு கொச்சிக்காய்க் கன்று வைக்க விரும்பும் தாய்மார் பலர், கடையிலே பையில் அடைத்து விற்கும் சாடிக் கலவையை வாங்குகிறார்கள்.

அக்கலவையை நாம் பழிக்கவேண்டியதில்லை. அதில் பெரும்பாலும் இருப்பது தென்னந்தும்புத் தூள். அது பாரமற்றது, தன் எடையைப்போலப் பன்மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும், களை விதைகளும் அதில் குறைவு. ஆனால் செடிக்கு ஊட்டக்கூடிய சத்து அதில் சொற்பமே. நன்றாகக் கழுவப்படாவிட்டால் உப்பும் தங்கியிருக்கும். கலந்து வைத்த பசளை தீரும்வரை செடி செழிப்பாக வளரும். கொச்சிக்காயோ மாதக்கணக்காகப் பூத்துக் காய்க்கும் செடி. காய்க்கும் காலத்தில் அதன் பசி பெரிது. அப்பொழுது மீண்டும் கடைக்கு ஓடவேண்டும். இன்னொருவர் இடைவிடாது ஊட்டிக்கொண்டிருக்கும்வரைதான் அச்செடிக்கு வாழ்வு.

உயிருள்ள மண்ணின் கதை வேறு. வளமான மண்ணில் ஒரு கைப்பிடி அள்ளினால், இவ்வுலகத்து மனிதரிலும் கூடிய தொகையான நுண்ணுயிர்கள் அதில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத பூஞ்சண இழைகள் கொச்சிக்காய் வேரோடு கூடி, வேர் எட்டாத இடத்திலிருந்தும் சத்தைக் கொண்டுவந்து கொடுத்து, கைம்மாறாகச் செடி ஆக்கிய சர்க்கரையைப் பெற்றுக்கொள்கின்றன. மண்புழு இலையை இழுத்துச் சென்று தின்று மண்ணாக்குகிறது. அறிஞர் சார்ல்ஸ் டார்வின் 1881ஆம் ஆண்டில் இப்புழுவின் வேலையைப்பற்றி ஒரு நூலே எழுதினார். இவையெல்லாம் சேர்ந்து உண்டாக்கும் கறுத்த உக்கல், வெறும் மணலிலும் நீரையும் சத்தையும் பிடித்துவைக்கிறது.

இந்த உக்கல் எதிலிருந்து உண்டாகிறது? நாம் வேண்டாமென்று ஒதுக்குபவற்றிலிருந்தே உண்டாகிறது. மரக்கறித் தோல், மீன் கழிவு, பூவரசம் இலை, படுவான்கரைப் பட்டியின் மாட்டெரு, வாவியோரத்தில் அடர்ந்து தொல்லைதரும் ஆற்றுவாழை ஆகிய யாவும் உக்கியபின் உணவாகின்றன. உக்காத பச்சை எருவை அடியில் கொட்டினால் வேர் கருகும். கூட்டெரு பக்குவப்பட ஏறக்குறைய மூன்று மாதம் செல்லும். நமது வெப்பத்திலே உக்கலும் விரைவாய்க் கரைந்துவிடுவதால், போகத்துக்குப் போகம் புதிதாக இடவேண்டும். வளவு மண்ணுக்குக் காசு அதிகம் தேவையில்லை. பொறுமையும் விடாத கைவேலையும் தேவை.

அப்பொறுமையை ஒரு கட்டளையால் ஈடுசெய்ய முடியாது என்பதை நம் நாடு பெரும் விலை கொடுத்துக் கற்றது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நாடு முழுவதும் உடனடியாகச் சேதனப் பசளைக்கு மாறவேண்டுமெனக் கூறப்பட்டது. பல ஆண்டுகள் மெல்ல மெல்லச் செய்யவேண்டியதை ஒரே போகத்தில் மண்ணிடம் கேட்டோம். விளைச்சல் வீழ்ந்தது, விவசாயிகள் வீதிக்கு இறங்கினர், அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. சீனாவிலிருந்து கப்பலில் தருவிக்கப்பட்ட சேதனப் பசளையின் மாதிரிகளில் தீங்கான நுண்ணுயிர்கள் இருப்பதாக அறிவிக்கப்பட்டு, அது இறக்கப்படாமலே திரும்பியது. அதற்காக 67 இலட்சம் அமெரிக்க டொலர் கொடுக்கவும் நேர்ந்தது. மண்ணை நேசிக்கவேண்டும் என்ற எண்ணம் நல்லதே. ஆனால் மண்ணின் உயிரைக் கப்பலில் ஏற்றிவந்து ஒரே நாளில் இறக்கிவிட முடியுமா?

அன்பர்களே, இனி நம் இல்லத்தைப் பார்ப்போம். “உறுதிப்பூசுதல் பெறும்வரை ஒழுங்காக வந்த பிள்ளை இப்பொழுது கோயில் பக்கமே வருவதில்லையே, சுவாமி” என்று கண்கலங்கும் பெற்றோர் நம் பங்குகளில் எத்தனை பேர்! அவர்களுடைய துயரம் உண்மையானது. ஆனால் கொச்சிக்காய்க் கன்று நமக்கு ஒன்றைக் கற்பிக்கிறது. அதன் விதையை முதலில் நாற்றுமேடையில் இடுகிறோம். மேடைமீது வைக்கோலும் உமியும் பரப்பி எரித்து, நோய்க்கிருமி நீக்கிய பின்னரே விதைப்பது நம் விவசாயிகளின் வழக்கம். கடைக் கலவையும் இந்த வேலைக்கு ஏற்றதே. ஆயினும் நாலைந்து கிழமையில் கன்றைப் பிடுங்கி நிலத்தில் நடவேண்டும். நட்ட நிலம் வெறும் மணலாயிருந்தால் நாற்றுமேடையைக் குறைகூறிப் பயன் என்ன?

மறைக்கல்வி வகுப்பு நாற்றுமேடை, வீடுதான் நிலம். ஒரு கிழமையில் 168 மணித்தியாலங்கள் உண்டு. அதில் மறையாசிரியரிடம் பிள்ளை இருப்பது ஒரு மணித்தியாலம். தனியார் வகுப்புக்குப் போகவேண்டுமென்று அந்த ஒன்றையும் வெட்டிவிடும் வீடுகள் உள்ளன. கணிதத்துக்கு ஓர் ஆசிரியர், ஆங்கிலத்துக்கு ஓர் ஆசிரியர் என்பதுபோல, விசுவாசத்தையும் கட்டணம் கட்டிப் பையில் வாங்கிவரலாம் என்று எண்ணிவிட்டோமா?

வீட்டு மண்ணை வளப்படுத்தும் எரு எது? இலத்தீன் மொழியிலே மண்ணுக்கு ‘ஹூமுஸ்’ என்று பெயர். தாழ்மையைக் குறிக்கும் ‘ஹூமிலித்தாஸ்’ என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததே. குடும்பத்தில் நாம் மறைத்து ஒதுக்க விரும்பும் குப்பைகள் உண்டு: கோபத்தில் சிந்திய சொல், கடன் தந்த அவமானம், உடன்பிறந்தாரோடு பேசாதிருக்கும் பகை. மூடிவைத்தால் இவை நாறும். ஆண்டவர் முன்னிலையில் திறந்து வைத்தால் உக்கி உரமாகும். தகப்பன் தன் பிள்ளைகளின் முன்னே மனைவியிடம் மன்னிப்புக் கேட்கும் ஓர் இரவு, பத்து மறையுரைகள் கற்பிக்காததைக் கற்பிக்கும். தாய் வெளிநாட்டில் உழைக்கும் வீட்டிலே அம்மம்மா பேரப்பிள்ளையை அருகிலிருத்திச் சொல்லும் செபமாலையும், தொலைபேசியில் தாய் சொல்லும் ஒரு சிறு செபமும் அந்த மணலுக்குக் கிடைத்த உக்கலே.

அந்த அத்திமரம் மறு ஆண்டில் காய்த்ததா என்பதை நற்செய்தி சொல்லவில்லை. கொத்தவும் எருவிடவும் ஒருவர் முன்வந்தார் என்பதே நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டிலும், கனி தராததாய்த் தோன்றும் பிள்ளைக்காக அந்தத் தவணையைக் கேளுங்கள்.

மாரி மழைக்கு முன்னே வளவின் மூலையில் ஒரு குழி வெட்டுங்கள். சமையலறைக் கழிவையும் சருகையும் அதில் இட்டு மண்ணால் மூடி வாருங்கள். அன்றிரவே தொலைக்காட்சியை நிறுத்தி, பத்து நிமிடம் குடும்பமாக முழந்தாளிடுங்கள். முதல் நாளில் பிள்ளை முகம் சுளிக்கலாம். மறுநாளும் முழந்தாளிடுங்கள்.