குலப்பெருமை பேசலாமா?



நம் தாங்கல்களில் திருஏடு வாசிப்பு நடக்கும்போது சான்றோர் பிறப்பு வரும் பகுதியில் கூட்டம் தானாக நிமிர்ந்து உட்காரும். ஏழு கன்னியரிடம் பிறந்து பத்திரகாளியிடம் வளர்ந்த மக்கள் என்று கேட்கும்போது மனசு பூரிக்கத்தான் செய்யும். "அது நம்ம வம்சமாக்கும்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகச் சொல்கிறவர்களும் உண்டு. அப்படிப் பூரிப்பது சரிதானா? நாம் பிறப்பதற்கு முன்னால் வாழ்ந்தவர்களின் பெருமையில் நமக்குப் பங்கு உண்டா?

தப்பு என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. 1809-ல் பூவண்டன்தோப்பில் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோர் முடிசூடும் பெருமாள் என்று பேர் வைத்தார்கள். பனையேறுகிற குடியில் பிறந்த பிள்ளைக்கு முடியும் பெருமாளும் சேர்ந்த பேரா என்று மேல்சாதியார் தடுத்ததால் முத்துக்குட்டி என்று மாற்றினார்கள். இது நாம் கேட்டு வளர்ந்த வரலாறு. பேர் வைக்கக்கூட உரிமை இல்லாத காலம் அது. தலைக்கு வரி, பனைக்கு வரி, கூலியில்லா ஊழியம். பெண்கள் தோளில் துணி போடக் கூடாது. அதற்கு அனுமதி தந்து திருவிதாங்கூர் அரசு அறிவிப்பு வெளியிட்டது 1859-ல்தான். அய்யா வைகுண்டம் ஏகி எட்டு வருஷம் கழிந்து.

அப்படி நசுக்கப்பட்டுக் கிடந்தவனிடம் "நீ பெரிய குடியில் பிறந்தவன்" என்று சொன்னது மருந்து. குனிந்த முதுகு நிமிர்ந்தது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மருந்தைச் சோறு மாதிரி மூன்று நேரமும் தின்ன முடியுமா?

பிள்ளைக்கு வைத்த பேரைத் தடுத்தவர்கள் எந்த அளவுகோலை வைத்து அளந்தார்கள்? பிறப்பை வைத்துத்தான். இந்தப் பிள்ளை எப்படிப்பட்டவன் என்று அவர்கள் பார்க்கவில்லை, யார் வீட்டில் பிறந்தான் என்று பார்த்தார்கள். அந்த அளவுகோல் பொய் என்பதற்காகத்தானே அய்யா சிறைக்குப் போனார்? அதே கோலை இன்று நாம் கையில் எடுத்து, "என் குடும்பம் என்ன குடும்பம் தெரியுமா?" என்று கேட்டால், கோல் கை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இனி ஒரு சின்னக் கணக்கு. நமக்குத் தாய் தகப்பன் 2 பேர். தாத்தா பாட்டி 4 பேர். அதற்கு மேலே 8, 16, 32 என்று போகும். அய்யா கடலிலிருந்து எழுந்தருளிய 1833-லிருந்து இன்றுவரை ஏறக்குறைய ஏழு தலைமுறை என்று வைத்தால், அந்தத் தலைமுறையில் நமக்கு முன்னோர் 128 பேர். சொந்தத்துக்குள்ளேயே கட்டியிருந்தால் கொஞ்சம் குறையும். நாம் "எங்கள் வம்சம்" என்று சொல்வது இவர்களில் ஒரே ஒரு ஆளை. அவரும் அப்பாவின் அப்பாவின் அப்பா என்று ஆண்வழியில் வந்தவராக இருப்பார். மற்ற 127 பேரும் நம்மைப் பெற்றவர்கள்தான். அவர்களுடைய இரத்தமும்தான் ஓடுகிறது. அவர்கள் பேர் என்ன? பெரும்பாலான வீட்டில் பாட்டியின் அம்மா பேரே யாருக்கும் தெரியாது.

அந்த ஒருவரையும் நாம் எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்று பாருங்கள். நிலம் வைத்திருந்தவர், வைத்தியர், ஊர்த் தலைவர், இப்படி. முருக்குத்தடியும் அரிவாள்பெட்டியுமாக நாளுக்கு இரண்டு நேரம் பனையேறி நெஞ்சில் காய்ப்பு விழுந்தவரை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. அடுப்படியில் வெந்து கருப்பட்டி காய்ச்சிய கிழவியையும் தேர்ந்தெடுப்பதில்லை. கல்யாணப் பேச்சில் "பெண்ணுடைய தாத்தா பனையேறினவர்" என்று ஒரு வார்த்தை வந்ததும் எழுந்து போன கூட்டத்தை நான் கண்டிருக்கிறேன். எழுந்து போனவர்கள் நெற்றியிலும் நாமம் இருந்தது. எழுந்து போனவர்களின் தாத்தாவுக்குத் தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் நம் சமுதாயத்துக்குள்ளேயே நிலமுடைய வீட்டார் பனையேறுகிற வீட்டாரோடு கொள்வினை கொடுப்பினை வைத்ததில்லை. நமக்குக் கீழே என்று சொல்லப்பட்டவர்களை நாமும் கிணற்றடியில் நிறுத்தித்தான் வைத்தோம். அதனால்தான் அய்யா முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரையும் ஒரே தண்ணீரைக் குடிக்க வைத்தார். மேல்சாதியாருக்கு மட்டும் சொன்ன பாடம் அல்ல அது.

சொத்து விஷயத்தில் நாட்டில் ஒரு சட்டம் உண்டு. தகப்பன் சொத்தை எடுத்துக்கொண்ட மகன், அந்தச் சொத்தின் அளவுக்குத் தகப்பன் பட்ட கடனையும் தீர்க்க வேண்டும். வீட்டை எடுப்பேன், கடன் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. குலப்பெருமையும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தாத்தா தாங்கலுக்கு நிலம் எழுதி வைத்த பெருமை வேண்டும் என்றால், அவர் யாரையாவது திண்ணைக்குக் கீழே நிறுத்தியிருந்தால் அதுவும் நம் கணக்கில் வரும். இரண்டும் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். ஒன்றை மட்டும் எடுப்பது நியாயம் இல்லை.

"அப்படியானால் முன்னோரிடமிருந்து நமக்கு ஒன்றுமே வராதா?" என்று கேட்கலாம். வரும். மூக்கு வரும், நிறம் வரும், சர்க்கரை நோய் வரும். பொறுமையும் தர்மமும் அப்படி வருவதில்லை. பார்த்துத்தான் வரும். அன்னதர்மத்துக்கு விறகு சுமக்கும் தகப்பனைப் பார்த்த பிள்ளைக்கு அது வரலாம். விறகு சுமந்த தாத்தாவைப் பற்றிப் பேச்சு மட்டும் கேட்ட பிள்ளைக்கு வரும் என்று சொல்ல முடியாது.

துவையல் பந்தியை நினைத்துப் பார்ப்போம். 700 குடும்பங்கள் வீட்டை விட்டு வாகைப்பதிக் கடற்கரையில் போய் இருந்தன. கடலில் குளித்து, துணியைத் துவைத்து, நாளுக்கு ஒரு நேரம் உண்டு தவம் இருந்தார்கள். "எங்கள் முன்னோர் துவையல் பந்தியில் இருந்தவர்கள்" என்று சொல்லும் குடும்பங்கள் இன்றும் உண்டு. நல்லதுதான். ஆனால் அந்த 700 குடும்பங்களும் தங்கள் முன்னோர் பேரைச் சொல்லி அங்கே இடம் பிடிக்கவில்லை. அய்யா கூப்பிட்டார், போனார்கள். இன்று அவர்கள் பேரைச் சொல்லிக் கொடியேற்று நாளில் முதல் வரிசை கேட்கிறோம். பந்தியில் முதல் இலை கேட்டுச் சண்டை போட்டவர்களையும் நான் பார்த்தேன். பரிமாறுகிற எங்களுக்குத்தான் சங்கடம். இலை எல்லாம் ஒரே வாழையிலிருந்து வந்தது, சோறு ஒரே அண்டாவிலிருந்து வந்தது.

தலைப்பாகையை யோசியுங்கள். முடி என்பது ராஜா வீட்டில் வாரிசுக்கு மட்டும் வருவது. அய்யா அதைப் பதிக்குள் நுழைகிற ஆண்பிள்ளை எல்லாருக்கும் கட்டச் சொன்னார். தகப்பனிடமிருந்து மகனுக்கு என்று கொடுக்கவில்லை. பள்ளியறைக் கண்ணாடியிலும் நின்று கும்பிடுகிறவன் முகம்தான் தெரியும். தாத்தா முகம் அதில் தெரியாது.

வருகிற கார்த்திகையில் ஏடு வாசிப்புக்குக் குடும்பத்தோடு வரும்போது, வீட்டில் மூத்த அம்மைமார் யாராவது இருந்தால், அவர்களை உட்கார வைத்து அவர்களுடைய அம்மா, பாட்டி பேர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். என்ன வேலை செய்தார்கள், யார் வீட்டில் தண்ணீர் கிடைத்தது, யாருக்குக் கொடுக்கவில்லை என்பதையும் கேளுங்கள். எண்பது வயது தாண்டியவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். கொஞ்சம் சீக்கிரம் கேட்பது நல்லது.