முயலின் குடலும் கொல்லாமை அறமும்

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சமயங்களுக்குப் புலாலையும் வேள்விப் பலியையும் மறுப்பதில் பெருஞ்சிக்கல் எழவில்லை. அங்கே போகும் உயிர் நாவின் சுவைக்கோ வழிபாட்டின் பெயரிலோ போகிறது என்று சொல்லிவிட முடிந்தது. நோயாளியைக் காக்கும் வழி அறிவதற்காக நோயற்ற விலங்கொன்றுக்கு வேண்டுமென்றே நோயை உண்டாக்கிக் கொல்வதை அவ்வளவு எளிதில் தள்ளிவிட இயலாது. இந்த இக்கட்டு மிகக் கூர்மையாகத் தெரியும் இடங்களுள் ஒன்று கல்கத்தாவில் நடந்த காலரா ஆய்வு.

வாந்திபேதி என்று ஊர்வழக்கில் வழங்கும் காலராவை வங்காளத்து இந்துக்கள் ஓலாய் சண்டி என்ற பெயரிலும் முஸ்லிம்கள் ஓலா பீபி என்ற பெயரிலும் தெய்வத்தின் சினமாகக் கண்டு வழிபட்டு வந்தனர். ஜெர்மன் மருத்துவ ஆய்வாளர் ராபர்ட் கோக் 1884இல் கல்கத்தா நோயாளிகளிடம் அதன் கிருமியைக் கண்டு உறுதிசெய்தார். ஆயினும் வளர்ந்த விலங்குகளுக்கு அந்நோய் இயல்பாக வருவதில்லையாதலால், அதை விலங்கில் உண்டாக்கிக் காட்ட அவரால் இயலவில்லை. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின், 1953இல், அதே நகரின் மருத்துவ ஆய்வாளர் சம்புநாத் தே அதற்கு வழி கண்டார். மயக்க மருந்து கொடுத்த முயலின் வயிற்றைத் திறந்து, சிறுகுடலின் ஒரு பகுதியை இருமுனையிலும் நூலால் கட்டி, அதற்குள் கிருமி வளர்ந்த திரவத்தைச் செலுத்தி, வயிற்றைத் தைத்துவிட்டு, மறுநாள் விலங்கைக் கொன்று பார்த்தபோது, கட்டிய பகுதி அரிசி களைந்த தண்ணீர் போன்ற திரவத்தால் உப்பிப் பருத்திருந்தது. கிருமியற்ற திரவம் செலுத்தப்பட்ட பகுதியோ சுருங்கிக் கிடந்தது. கிருமிகளை வடிகட்டி நீக்கிய திரவமும் இதே விளைவைத் தருவதை அவர் 1959இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். உடலின் நீரை இறைப்பது கிருமி சுரக்கும் நச்சுப்பொருளே என்பது அதன்வழி நிலைபெற்றது.

முயலின் குடல் மனிதக் குடலை ஒத்தது என்பதன்மேல்தான் இச்சோதனையின் வலிமை முழுவதும் நிற்கிறது. முயலைக் கொல்லும் உரிமையோ, முயல் மனிதனை ஒத்ததன்று என்பதன்மேல் நிற்கிறது. உறுப்பு ஒத்திருப்பதனால் உயிரின் மதிப்பும் ஒத்தாக வேண்டியதில்லை என்று ஆய்வின் பக்கம் நிற்போர் விடை கூறலாம். அவ்வாறு படிநிலை வகுப்பது தமிழ் மரபுக்கும் அயலன்று. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக நிரல்படுத்துகிறது. ஆனால் அந்த நிரலில் மனிதனைப் பிரித்துக் காட்டும் ஆறாம் அறிவு மனம். கத்தி சென்று படுவதோ ஊறு எனப்படும் தொடுவுணர்வில், அதாவது எல்லா உயிர்க்கும் முதற்படியிலேயே வாய்த்துவிட்ட ஒன்றில்.

சமணம் இல்லறத்தாரின் தீங்கிழைத்தலை நான்காகப் பகுக்கிறது: எண்ணிச் செய்வது சங்கல்பி, வீட்டுவேலையில் நேர்வது ஆரம்பி, தொழிலில் நேர்வது உத்யோகி, தற்காப்பில் நேர்வது விரோதி. முதலாவதை அவர்கள் முற்றாக விலக்க வேண்டும். ஏனையவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும். அறுவை மருத்துவர் தரும் வலியை மூன்றாவதில் வைப்பதுண்டு. வலி பெறுபவரே நலமும் பெறுவதால் அதில் குழப்பமில்லை. முயலுக்கு அந்த நலம் இல்லை. ஆய்வு தொழில்தான் என்றாலும், அதில் கொலை தற்செயலாக நேர்வதன்று. நாளும் அளவும் குறித்துத் திட்டமிட்டுச் செய்யப்படுவது.

திருக்குறளின் கொல்லாமை அதிகாரம் இன்னும் கடுமையானது. தன் உயிருக்கே இறுதி வந்தாலும் பிறிதோர் உயிரைப் போக்க அது இசைவதில்லை. எனினும் அங்கே துறக்கச் சொல்லப்படுவது தன்னுயிர். அத்தகைய துணிவுக்கு ஆய்வுலகிலும் சான்று உண்டு: 1892இல் மியூனிக்கில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் காலராக் கிருமி வளர்ந்த திரவத்தைத் தாமே குடித்தார், கோக்கை மறுப்பதற்காகத்தான், முயல்மேல் இரங்கியன்று. மருத்துவரின் முன் கிடப்பதோ அவருடைய உயிரன்று, நீர் வற்றிக் கண் குழிந்த பிறர் பிள்ளையின் உயிர். அதைக் கைவிட அவருக்கு உரிமையில்லை, முயலின் உயிரை எடுத்துக் கொடுக்கவும் உரிமையில்லை. துறவை அளவுகோலாகக் கொண்ட அறம் இவ்விடத்தில் திகைத்து நின்றுவிடுகிறது என்றே கூற வேண்டும்.

பயனைக் காட்டி இத்திகைப்பைத் தீர்க்க முனைவோர் முயலிலிருந்து பிழைத்த குழந்தைவரை நேர்கோடு வரைகின்றனர். கோடு அவ்வளவு நேரானதன்று. 1971இல் வங்காளத்துப் பன்காவ் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் கொடுத்துச் சாவை நூற்றுக்கு முப்பதளவிலிருந்து நான்குக்கும் கீழே இறக்கியதற்கு, குடல் குளுக்கோசோடு சோடியத்தையும் சேர்த்து உறிஞ்சுகிறது என்ற வேறொரு கண்டுபிடிப்பே அடிப்படை. கால்நடைகளின் குடலைப் புண்ணாக்கிப் பேதியால் கொன்ற வெக்கை நோயிலோ கணக்கு இன்னொரு விதம். முக்தேஸ்வர் கால்நடை ஆய்வகத்தில் ஆடுகளைப் பலிகொண்டு உருவாக்கிய தடுப்பூசியால் பிழைத்தவை மாடுகள்.

மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் விளைவாகப் பிறந்த 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம், அறிவை வளர்க்கும் சோதனைகளைத் தடைசெய்யாமல், பரிவோடும் இயன்றவரை மயக்க மருந்தோடும் செய்யுமாறு கட்டுப்படுத்துகிறது. இன்று காலரா நச்சைக் கண்டறிய முயல் வேண்டியதில்லை. உயிரணு வளர்ப்பும் மரபணுச் சோதனையும் போதும். ஆனால் அம்முறைகள் மெய்யானவை என்று தொடக்கத்தில் ஒப்பிட்டுத் தேறியது முயற்குடலோடுதான். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றையும் வினையாகவே எண்ணும் சமணத்தில், அந்த அறிவின் பயனை ஏற்பது மூன்றாவதில் அடங்குமா என்ற வினா, ஆய்வகத்தோடு நில்லாமல், அந்த நச்சின் ஒரு கூற்றைக்கொண்டு செய்த தடுப்பு மருந்தைப் பருகுவோரையும் தொடுகிறது.