எதையும் நோண்டாதே

"எதையாவது நோண்டிக்கிட்டே இருப்பான்" என்று மகனைப் பற்றி அம்மாக்கள் சொல்லும்போது குரலில் பெருமை ஒட்டியிருக்கும். அதே சொல் மகளிடம் வரும்போது கட்டளையாகிவிடும்: "எதையும் நோண்டாதே." ரேடியோவின் பின்மூடியைக் கழற்றியதற்காக நான் அடி வாங்கினேன். அண்ணன் கழற்றியபோது அவனுக்குத் திருப்புளி வாங்கித் தந்தார்கள்.

சென்ற பருவத்தில், அண்ணாமலை நகரில் என் மாணவிகளிடம் கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தத்தின் கதையைச் சொன்னேன். 1998இல் திருமணம். மனைவி சாந்தி மாதவிடாய்க்குப் பழந்துணி பயன்படுத்துவதைப் பார்க்கிறார். கடை நாப்கின் வாங்கினால் பால் செலவைக் குறைக்க வேண்டும் என்கிறார் சாந்தி. முருகானந்தம் தானே செய்யத் தொடங்குகிறார். சோதித்துச் சொல்ல வீட்டுப் பெண்கள் மறுக்க, கால்பந்து பிளாடரில் ஆட்டு இரத்தத்தை நிரப்பித் தன் உடலிலேயே கட்டிக்கொள்கிறார். உள்ளே இருப்பது பருத்தியல்ல, மரக்கூழ் என்று கண்டுபிடிக்கவே இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஊர் பைத்தியம் என்கிறது. மனைவி பிரிந்து போகிறார். கோடிகளில் விற்ற இயந்திரத்தின் வேலையை ஒரு லட்சத்துக்கும் குறைவான விலையில் செய்துகாட்டுகிறார். 2016இல் பத்மஸ்ரீ.

கதை முடிந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "அந்தம்மா பிரிஞ்சிருந்த வருஷங்கள்ல எப்படி இருந்தாங்க மேடம்?"

எனக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டும் என்றுகூட அதுவரை தோன்றவில்லை. நாயகன் தாண்டிய தடைகளில் ஒன்றாகத்தான் சாந்தியின் பிரிவை நானும் சொல்லி வந்திருக்கிறேன். மாதாமாதம் தன் இரத்தத்தைப் பற்றிக் கணவனுக்கு அறிக்கை தர மறுப்பது அறியாமையா? நல்ல நோக்கத்தோடு கேட்டாலும், மறுக்கிற உரிமை அந்த உடலுக்கு உரியவளுடையது.

ஆனாலும் முருகானந்தத்தின் மேல் எனக்கு மதிப்பு கூடத்தான் செய்கிறது. இயந்திரத்தை அவர் பெருநிறுவனத்துக்கு விற்கவில்லை. சுய உதவிக்குழுப் பெண்களுக்குக் கொடுத்தார். அவர்களே ஓட்டி, அவர்களே பழுது பார்க்கும்படி எளிமையாகச் செய்தார். செய்தவர் போன பிறகு அதை யார் கை திறக்க முடியும் என்பதே வீட்டுத் தொழில்நுட்பத்தின் அறம் என்று நினைக்கிறேன்.

என் அம்மாவுக்கும் ஒரு தொழில்நுட்பம் இருந்தது. எந்த நூல் சேலை நன்றாக உறிஞ்சும், முதல் நாளுக்கு எத்தனை மடிப்பு, கறை போகப் பச்சைத் தண்ணீரில்தான் முதலில் ஊறவைக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் துவைத்த துணியைப் பாவாடைக்கு அடியில், இருட்டு மூலையில் காயப்போடுவாள். குறை துணியில் இல்லை. அதற்கு வெயிலை மறுத்த வெட்கத்தில் இருந்தது. நோண்டுகிற ஆண்கள் கூடினால் எது எரிந்தது, எது வெடித்தது என்று சிரித்துப் பேசுகிறார்கள். தோல்வியைச் சொல்லிச் சொல்லியே அவர்கள் அறிவு வளர்கிறது. அம்மாவின் அறிவைக் கேட்கவோ திருத்தவோ கூட்டம் இல்லை. அது அவளோடு போயிற்று.

போன மாதம் மிக்சி நின்றுவிட்டது. நானே கழற்றினேன். மீண்டும் பூட்டியபோது ஒரு திருகு மிஞ்சிவிட்டது. மிக்சி ஓடியது, கொஞ்சம் இரைச்சலோடு. அந்தத் திருகை வகுப்புக்கு எடுத்துப்போய் மேசைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி, அயர்ன்பாக்ஸைத் தான் கெடுத்த கதையைத் தொடங்கினாள்.