வழி அறிந்த தாய்



"சஃபாரி" என்பது சுவாகிலி மொழிச் சொல். பிரயாணம் என்று அர்த்தம். ஆப்பிரிக்காவில் மிருகங்களைப் பார்க்கப் போகிறவர்கள் முக்கியமாய் ஐந்தைத் தேடுகிறார்கள்: சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம். கால்நடையாய்ப் போய் வேட்டையாட மிகவும் கடினமானவை என்று அக்காலத்து வேட்டைக்காரர்கள் இவைகளைப் "பெரிய ஐந்து" என்றார்கள்.

தான்சானியாவின் அரூஷா பட்டணத்திற்கு ஊழியத்திற்காகப் போயிருந்தபோது, அங்குள்ள சகோதரர்கள் என்னைத் தரங்கிரே தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போனார்கள். மழையில்லாத மாதம். ஆனைப்புளி மரங்கள் ஓர் இலைகூட இல்லாமல் நின்றன. "சிங்கம் எங்கே பிரதர்?" என்றுதான் நானும் கேட்டேன். அதையும் பார்த்தோம். நிழலிலே படுத்துக்கிட்டு எங்க வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை! ஆனால் ஆண்டவர் எனக்கு வைத்திருந்த பாடம் சிங்கத்திடத்தில் இல்லை.

மத்தியானத்தில் ஒரு யானைக் கூட்டம் ஆற்றுக்கு இறங்கி வந்தது. முன்னே ஒரு வயதான தாய் யானை. அது நின்றால் எல்லாம் நின்றன. அது நடந்தால் எல்லாம் நடந்தன. குட்டிகள் பெரியவைகளின் கால்களுக்கு நடுவே பத்திரமாய் வந்தன.

1993-ம் வருஷம் இதே தரங்கிரேயில் கொடிய வறட்சி உண்டானது. ஆராய்ச்சியாளர்கள் கவனித்து வந்த 81 குட்டிகளில் 16 குட்டிகள் ஒன்பது மாதத்திற்குள் செத்துப்போயின. ஆனால் பூங்காவை விட்டு வெளியேறிய கூட்டங்களிலே குட்டிகள் அதிகமாய்ப் பிழைத்தன. காரணம் என்ன? 1958 முதல் 1961 வரை வந்த பழைய வறட்சியைக் கண்ட தாய்கள் அவைகளில் இருந்திருக்கலாம், தண்ணீருள்ள இடம் அவைகளுக்கு ஞாபகம் இருந்திருக்கலாம் என்று 2008-ல் எழுதினார்கள். பூங்காவிலேயே தங்கிவிட்ட கூட்டத்தில் அவ்வளவு வயதான யானைகள் இல்லை. தந்தத்துக்காக வேட்டைக்காரர்கள் முதலாவது கொன்றது பெரிய தந்தமுள்ள முதிர்ந்த யானைகளைத்தானே!

இன்னொன்றும் கேளுங்கள். கிளிமஞ்சாரோ மலைக்கு அந்தப்பக்கம், கென்யா தேசத்தில் அம்போசெலி இருக்கிறது. அங்கே யானைகளுக்குச் சிங்கத்தின் சத்தத்தை ஒலிபெருக்கியிலே போட்டுக் காட்டிச் சோதித்தார்கள். யானைக்குட்டிக்கு அதிக ஆபத்து ஆண் சிங்கத்தால். அந்தச் சத்தத்தைச் சரியாய்ப் பகுத்தறிந்து கூட்டத்தை எச்சரித்தவை யார் தெரியுமா? 60 வயதைத் தாண்டிய தாய்களே! 2011-ல் இது வெளியானது.

தேவ ஜனமே, பேதுரு அப்போஸ்தலன் சத்துருவைச் சிங்கத்துக்கு ஒப்பிட்டார். அவன் சத்தத்தை நம் பிள்ளைகளுக்குப் பகுத்தறிந்து சொல்லுவது யார்? நம் சபையிலே பின்னால் பாயில் உட்கார்ந்திருக்கிற பாட்டிமாரைப் பாருங்கள். அரிசி இல்லாத நாளையும், மருந்து இல்லாத இரவையும் ஜெபத்தினாலே கடந்தவர்கள். அவர்கள் சாட்சி சொல்ல எழுந்தால், "அம்மா, சீக்கிரம் முடிங்க, நேரமாச்சு" என்கிறோமே! வேட்டைக்காரன் அங்கே துப்பாக்கியால் செய்ததை நாம் இங்கே அலட்சியத்தால் செய்யலாமா?

தீமோத்தேயுவின் விசுவாசம் எங்கே ஆரம்பித்தது? பாட்டி லோவிசாளிடத்தில் அல்லவா?

செழிப்பான வருஷத்தில் யார் முன்னே நடந்தாலும் தண்ணீர் கிடைத்துவிடும். வறட்சி வரும்போதுதான் வழி அறிந்தவர்கள் தேவை. வாலிபத் தம்பி தங்கைகளே, இந்த வாரம் ஒரு முதிர்ந்த விசுவாசியின் வீட்டுக்குப் போங்கள். "உங்கள் வறட்சியின் நாளிலே கர்த்தர் எப்படி நடத்தினார்?" என்று கேளுங்கள். பொறுமையாய் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேளுங்கள்.

நம்முடைய பிரயாணத்திலே ஒரு குட்டியும் பின்தங்கிப் போகாதபடி கர்த்தர்தாமே கிருபை செய்வாராக. ஆமென்! அல்லேலூயா!