கைகள் தளரும்போது ஒரு கல்

தியானப் பகுதி: யாத்திராகமம் 17:8-13



இந்த மாதச் செய்தியை ஒரு பாவ அறிக்கையோடு ஆரம்பிக்கிறேன். ஊழியக்காரன் தன் தப்பைச் சபையார் முன்னால் ஒத்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

சில வருஷங்களுக்கு முன்னே நடந்தது. நம் சபையில் ஒரு சகோதரி. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு முதல் ஆளாய் வந்து பாய் விரிப்பவர். கொஞ்சங்கொஞ்சமாய் வருகை குறைந்தது. ஞாயிறு ஆராதனைக்குப் பாதியில் வருவார், ஆசீர்வாத ஜெபத்துக்கு முன்னே எழுந்து போய்விடுவார். நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டில் போய் விசாரிப்பதை விட்டுவிட்டு, பிரசங்க பீடத்திலிருந்து ஜாடையாய்க் குத்தினேன். "ஆதி அன்பை விட்டவர்கள் நம் நடுவிலே இருக்கிறார்கள்" என்றேன். சகோதரிக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை.

ஒரு மாதம் கழித்து வீடு சந்திப்புக்குப் போனேன். வாசல் கேட்டில் உள்பக்கமாய்ப் பூட்டு. சகோதரி வந்து திறந்தார். சேலை முழுக்க ஈரம், கையில் நகக்கீறல். உள்ளே கட்டிலில் 78 வயது மாமியார். "எங்க அம்மா வந்துட்டாளா? எங்க அம்மா வந்துட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"பாஸ்டர், அத்தைய விட்டுட்டு ஒரு நிமிஷம் அசைய முடியல. ராத்திரி ரெண்டு மணிக்கு எழும்பி, வீட்டுக்குப் போகணும்னு கதவ இடிக்காங்க. குளிக்க வைக்கப் போனா பிறாண்டுறாங்க. நேத்து நான் கை நீட்டி அடிச்சிட்டேன் பாஸ்டர். என்னைய கர்த்தர் மன்னிப்பாரா?" என்று சொல்லி அழுதார்.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். நானோ, "இது ஆவியின் போராட்டம்" என்று சொல்லி, அந்தத் தாயாரின் தலையில் கைவைத்துச் சத்தம்போட்டு அதட்டினேன். அவர் குழந்தையைப்போல மிரண்டு, மருமகளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிரியமானவர்களே, அன்றைக்கு அந்த வீட்டுக்குள் பயத்தைக் கொண்டுபோனவன் பிசாசு அல்ல, நான்தான்.

பிற்பாடு டாக்டரிடம் காண்பித்தபோது டிமென்ஷியா என்றார்கள். மறதி நோய். அதில் அதிகமாய்க் காணப்படுவது அல்சைமர் என்னும் வகை. 1906-ல் ஜெர்மனியில் இதை முதலில் எடுத்துச் சொன்ன டாக்டர் அலோயிஸ் அல்சைமரின் பெயரே நோய்க்கும் நிலைத்துவிட்டது. நம் தேசத்தில் 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கிறது என்று 2023-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்லுகிறது. அப்படியானால் நம் சபைக் குடும்பங்களிலும் இருக்கிறது. நாம்தான் வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளுகிறோம்.

இது சாபம் அல்ல. வயசான புத்தியும் அல்ல, வேண்டுமென்று செய்யும் அடமும் அல்ல. மூளையின் உயிரணுக்கள் சேதப்பட்டு வரும் வியாதி. நேற்று நடந்தது முதலில் அழிந்துபோகும், ஐம்பது வருஷத்துக்கு முன் நடந்தது நிற்கும். அதனால்தான் அந்தத் தாயார் மரித்துப்போன தன் அம்மாவைத் தேடினார்.

இப்போது வேதத்துக்கு வாருங்கள். ரெவிதீமிலே அமலேக்கியரோடு யுத்தம். மோசே மலையுச்சியில் கோலோடு நிற்கிறார். கை உயர்ந்திருக்கும்வரை ஜெயம், தாழ்ந்தால் தோல்வி. ஆனால் மோசேயின் கையும் மாம்சமான கைதானே! தளர்ந்துபோயிற்று. ஆரோனும் ஊரும் என்ன செய்தார்கள்? "விசுவாசம் பத்தாது மோசே, இன்னும் ஜெபி" என்று அதட்டினார்களா? இல்லை. மூன்று காரியம் செய்தார்கள்.

1. உட்காரக் கல் வைத்தார்கள்.

முதலில் சரீரத்துக்கு இளைப்பாறுதல். 1 இராஜாக்கள் 19-ல் சாகவேண்டும் என்று கேட்ட எலியாவுக்கும் கர்த்தர் முதலில் கொடுத்தது தூக்கமும் அப்பமும் தண்ணீரும்தான். பராமரிக்கிற சகோதரியே, சகோதரனே, உன் பிரஷர் மாத்திரையை நீ போட்டாயா? வேளைக்குச் சாப்பிட்டாயா? ராத்திரி முழுக்க விழித்தால் பகலில் ஒரு மணி நேரமாவது படு. அது சுயநலம் அல்ல. நீ விழுந்துவிட்டால் அவர்களைத் தாங்குவது யார்?

உன் கோபத்தையும் மூடி வைக்காதே. "இவங்க போயிட்டா நல்லாருக்குமே" என்ற நினைவு வந்துபோனதற்காக நீ கொலைபாதகன் ஆகிவிடவில்லை. களைத்துப்போயிருக்கிறாய். அதைக் கர்த்தரிடம் சொல்லு, நம்பிக்கையான ஒரு மனுஷரிடமும் சொல்லு. கை ஓங்கும் அளவுக்குக் கோபம் வந்தால், அவர்களைப் பத்திரமாய் உட்கார வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் அடுத்த அறைக்குப் போ. மனசு தாங்காமல் போனால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் போன் செய்து தமிழிலேயே பேசலாம். முதியோருக்கான உதவி எண் 14567.

2. இரண்டு பேர் கைகளைத் தாங்கினார்கள்.

ஒருவர் போதாது, இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பிள்ளைகள் நாலு பேர், பாரம் ஒரு மருமகள் தலையில். மற்றவர்கள் சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் போனில் புத்தி சொல்லுவார்கள். "அம்மா எங்கிட்ட நல்லாத்தானே பேசுனாங்க, நீங்கதான் பெரிசுபடுத்துறீங்க" என்பார்கள். தம்பி, பத்து நிமிஷம் போனில் நல்லாத்தான் பேசுவார்கள். லீவு போட்டு வந்து பத்து நாள் கூட இருந்து பார். வர முடியாவிட்டால், ஒத்தாசைக்கு ஆள் வைக்கப் பணம் அனுப்பு.

சபைக்கும் இதில் பங்கு உண்டு. நான் அந்தச் சகோதரியிடமும் மாமியாரிடமும் போய் மன்னிப்புக் கேட்டேன். மூன்று தாய்மார் முறை வைத்து, செவ்வாயும் வியாழனும் இரண்டு மணி நேரம் போய் உட்கார்ந்தார்கள். முதல் செவ்வாய்க்கிழமை அந்தச் சகோதரி எங்கே போனார் என்று நினைக்கிறீர்கள்? எங்கேயும் போகவில்லை. உள்ளறையில் படுத்துத் தூங்கினார். அந்தத் தூக்கமும் ஒரு ஸ்தோத்திர பலிதான்!

3. சூரியன் அஸ்தமிக்கும்வரை தாங்கினார்கள்.

இது ஒருநாள் வேலை அல்ல, வருஷக்கணக்கான ஓட்டம். இந்த நோயில் பலருக்குச் சாயங்கால வேளையில்தான் குழப்பம் அதிகமாகும். பொழுது சாயுமுன் விளக்கைப் போடுங்கள், சத்தத்தைக் குறையுங்கள். "உங்க அம்மா செத்து முப்பது வருஷமாச்சு" என்று வாதாடாதீர்கள். அவர்களுக்கு அது இன்றைக்கு நடந்த சாவு ஆகிவிடும். "அம்மாவ ரொம்பத் தேடுதா? அவங்க என்ன சமைப்பாங்க?" என்று பேச்சை மெதுவாய்த் திருப்புங்கள். "நான் யாரு, சொல்லுங்க பாப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். வெளியே போய்விடுகிறவர்களானால், பெயரும் போன் நம்பரும் எழுதி உடுப்பில் தைத்து வையுங்கள். திடீரென்று குழப்பம் கூடினால் மூத்திரத் தொற்றோ மலச்சிக்கலோ வலியோ காரணமாய் இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். பழைய கீர்த்தனையை எடுத்துப் பாடுங்கள். பேர் மறந்தவர்களுக்கும் பாட்டு நாவில் வரும். அந்தத் தாயார் மருமகளின் பெயரை மறந்த பிறகும் சரணம் தப்பாமல் பாடியதை நான் கேட்டேன்.

நோவாவின் குமாரர் சேமும் யாப்பேத்தும் பின்னிட்டு நடந்து தகப்பனின் நிர்வாணத்தை மூடினார்களே (ஆதி. 9:23), அப்படியே இவர்களின் மானத்தையும் மூடுங்கள். படுக்கை நனைந்த கதையைப் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிக்க வேண்டாம்.

"பாஸ்டர், கர்த்தர் சுகம் தரமாட்டாரா?" என்று சிலர் கேட்பீர்கள். என் தேவன் சுகமாக்க வல்லவர், அந்த விசுவாசத்தை நான் விடவில்லை. ஆனால் இன்றுவரை இந்த நோயை முற்றிலும் மாற்றும் மருந்து இல்லை. சிலருக்குக் கொஞ்சக் காலம் உதவும் மாத்திரைகள் உண்டு. ஜெபியுங்கள், மாத்திரையும் கொடுங்கள். சுகம் வராத வீட்டைப் பார்த்து "விசுவாசக் குறைவு" என்று மட்டும் சொல்லாதீர்கள். சிலுவையில் தொங்கும்போதும் தம் தாயைச் சீஷனிடம் ஒப்படைத்தவர் நம் ஆண்டவர் (யோவான் 19:26, 27). முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வீடும் ஒரு ஆராதனை ஸ்தலம்.

அந்தத் தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனை முடிந்து அந்தச் சகோதரி சொன்னது இதுதான்: "கடைசில அத்தைக்கு என்னைய யாருன்னு தெரியல பாஸ்டர். ஆனா என் கையப் பிடிச்சா அழுகைய நிறுத்திருவாங்க." ஏசாயா 46:4-ஐ வாசித்துப் பாருங்கள். நரைவயதுமட்டும் தம் ஜனத்தைச் சுமப்பேன் என்று வாக்குக்கொடுத்தவர், இப்படிப்பட்ட கைகளைக் கொண்டுதான் சுமக்கிறார்.

இதை வாசிக்கிற நீங்கள் இந்த வாரம் ஒரு வீட்டுக்குக் கல் கொண்டுபோவீர்களா? இரண்டு மணி நேரம் போதும். உங்கள் வீட்டிலேயே இந்தப் பாரம் இருந்தால் மறைக்காமல் என்னிடம் சொல்லுங்கள். இனி ஜாடை பேசமாட்டேன்.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, ராத்திரியில் தூங்காமல் பெற்றோரையும் துணைவரையும் காக்கிற உம் பிள்ளைகளைப் பெலப்படுத்தும். அவர்கள் அறியாமல் பேசினதையும் கை ஓங்கினதையும் மன்னியும். எங்களை அவர்களுக்கு ஆரோனும் ஊருமாய் ஆக்கும். எங்கள் ஞாபகம் அழிந்தாலும் நீர் எங்களை மறவாதவராய் இருப்பதற்காய் ஸ்தோத்திரம். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே, ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் சகோதரன்