பெயர் சொல்லும் ‘அவர்கள்’ யார்?

1

கிரேக்க மொழி படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு ஆரம்பப் பாடங்களிலேயே ஒரு கேள்வியைச் சொல்லித் தருகிறார்கள். ஒரு பொருளைச் சுட்டிக்காட்டி ‘போஸ் தோ லேனெ?’ என்று கேட்க வேண்டும். இதுக்கு என்ன பேரு என்று அர்த்தம். ஆனால் சொல்லுக்குச் சொல் பிரித்துப் பார்த்தால் அதில் ‘பெயர்’ என்ற சொல்லே கிடையாது. ‘லேனெ’ என்றால் ‘சொல்கிறார்கள்’. நம்ம ஊரில் ‘இதை என்னான்னு சொல்லுவாங்க?’ என்று கேட்கிறோமே, அதேதான். ஒரு மனிதரின் பெயரைக் கேட்கவும் இந்த வாக்கியம்தான் பயன்படும். ஒரு சின்னச் சொல் மட்டும் மாறும். ‘போஸ் ஸெ லேனெ?’ உன்னை என்னான்னு சொல்றாங்க?

செம்பு, துடைப்பம், ரொட்டி, நான், நீ எல்லாருக்கும் ஒரே கேள்வி. எல்லாவற்றுக்கும் பெயர் சொல்கிறவர்கள் ‘அவர்கள்’. யார் இந்த அவர்கள்? இலக்கணம் ‘படர்க்கைப் பன்மை’ என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். காலங்காலமாக அடுத்தவர் வைத்த பெயரைச் சுமந்துவரும் நம்மால் அப்படிப் போய்விட முடியாது.

ஊர்ல ஆயிரம் பிரச்சினை இருக்க, கிரேக்கம் எதுக்கு என்று தோழர்கள் சிலர் என்னைக் கேட்கிறார்கள். ஜனநாயகம், அறம், தத்துவம் என்று எதை எடுத்தாலும் புத்தகக்காரர்கள் கிரேக்கத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். அந்த மொழியில் ரொட்டியும் தண்ணியும் யார் கையில் இருந்தன, அவற்றுக்குப் பெயர் சொல்லும் உரிமை யாரிடம் இருந்தது என்று பார்ப்பதும் நம்முடைய வேலைதான் என்று நினைக்கிறேன்.

2

பெயர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கென்றே பிளேட்டோ ஒரு உரையாடல் எழுதியிருக்கிறார். ‘கிரேத்திலஸ்’ என்று பெயர். அதில் ஹெர்மோஜெனீஸ் என்பவர், பெயர்கள் வழக்கத்தாலும் உடன்பாட்டாலும் வருகிறவை என்கிறார். பழைய பெயரை எடுத்துவிட்டுப் புதுசு வைத்தால் புதுசும் அதே அளவு சரிதான் என்பது அவர் கட்சி. அதற்கு அவர் காட்டும் உதாரணம்: வீட்டு அடிமைகளின் பெயர்களை நாம் மாற்றுகிறோமே, அது மாதிரி. போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். அவர் கருத்தைச் சாக்ரடீஸ் விரிவாக மறுக்கிறார். அந்த உதாரணத்தை யாரும் தொடவில்லை.

பிறகு சாக்ரடீஸ் ஒரு நல்ல வாதம் வைக்கிறார். பெயர் ஒரு கருவி. நெசவுக்கான நாடாவைத் தச்சர் செய்கிறார். அது சரியாக இருக்கிறதா என்று சொல்லத் தகுதியுள்ளவர் அதை வைத்து நெய்கிறவர். கப்பலின் சுக்கானைத் தச்சர் செய்கிறார். அதைப் பற்றிச் சொல்ல வேண்டியவர் மாலுமி. கையாள்கிறவருக்குத்தான் தெரியும். இந்த வாதத்தை நேராகக் கொண்டுபோனால், நாடாவின் பெயரை நெசவாளியிடம் கேள் என்று வந்து நிற்க வேண்டும். சாக்ரடீஸ் அங்கே போகவில்லை. பெயர் என்ற கருவியைக் கையாளத் தெரிந்தவர் கேள்வி கேட்கவும் பதில் சொல்லவும் பயின்ற தர்க்கவாதி என்று முடித்துவிடுகிறார். நாடாவை நெசவாளிக்குக் கொடுத்தார்கள். பெயரைத் தத்துவக்காரரே வைத்துக்கொண்டார்.

அரிஸ்டாட்டிலின் ‘அரசியல்’ நூலிலும் ஒரு நாடா வருகிறது. நாடா தானாகவே நெய்யுமானால் எஜமானர்களுக்கு அடிமைகள் தேவைப்பட மாட்டார்கள் என்கிறார் அவர். தானாக நெய்யாத காரணத்தால் அடிமை தேவை. அடிமை என்பவன் உயிருள்ள உடைமை. இவ்வளவு தெளிவாக நம்ம மனு ஆதரவாளர்கள்கூட எழுதுவதில்லை.

ஏதென்ஸ் நகரத்து வீடுகளில் ஊற்றுமாடத்திலிருந்து தண்ணீர் சுமந்தது, மாவரைத்தது, ரொட்டி சுட்டது எல்லாம் பெரும்பாலும் பெண்களும் அடிமைகளும்தான். அன்றாடப் பொருள் ஒவ்வொன்றும் அவர்கள் கைபட்டுத்தான் எஜமானிடம் போனது. அப்படிப்பட்டவர்களை எப்படிக் கூப்பிட்டார்கள்? ஒரு சொல் ‘ஆந்த்ராபொதோன்’. மனிதக்கால் உள்ளது என்று பொருள். ‘தெத்ராபொதோன்’, அதாவது நாலுகால் உள்ளது என்ற கால்நடைச் சொல்லைப் பார்த்துச் செய்த சொல் இது. மாடு நாலுகால் உருப்படி, அடிமை மனிதக்கால் உருப்படி. இன்னொரு சொல் ‘பைஸ்’. குழந்தை, பையன் என்று பொருள். தலை நரைத்த கிழவரானாலும் பைஸ்தான். அரிஸ்டோபனீசின் ‘குளவிகள்’ நாடகத்தில் இதை வைத்து ஒரு வேடிக்கையே உண்டு: அடி வாங்குகிறவன் கிழவனாக இருந்தாலும் பையன் என்று கூப்பிடலாமாம். அறுபது வயசுத் தாத்தாவைப் பண்ணையார் வீட்டுப் பத்து வயசுப் பிள்ளை ‘டேய்’ என்று கூப்பிடக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த நகைச்சுவைக்கு உரையாசிரியர் வேண்டாம்.

சொந்தப் பெயரும் மிஞ்சவில்லை. ஏதென்ஸ்காரர்கள் அடிமைகளுக்கு அவர்கள் எங்கிருந்து கொண்டுவரப்பட்டார்களோ அந்த இனத்தின் பெயரையே வைத்தார்கள் என்று ஸ்திராபோ எழுதியிருக்கிறார். சிரியாக்காரன் என்றால் சூரொஸ். லிதியாக்காரன் என்றால் லூதொஸ். ‘உன்னை என்னான்னு சொல்றாங்க?’ என்ற கேள்விக்கு அவர் சொல்லக்கூடிய பதில் இதுதான். அவர் அம்மா என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்பதை யாரும் கேட்டதில்லை.

3

ஆனாலும் அடுப்படிச் சொல் லேசில் சாவதில்லை. இன்றைய கிரேக்கத்தைப் படிக்கும்போது எனக்கு உற்சாகம் தந்த விஷயம் இதுதான்.

ரொட்டிக்குப் பழைய சொல் ‘ஆர்த்தொஸ்’. பிளேட்டோ காலத்திலும் அதுதான், கோயில் பூசையிலும் அதுதான். இன்று சாப்பாட்டு மேசையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘ப்ஸொமி’ என்கிறார்கள். ஒரு வாய், ஒரு கவளம் என்று பொருள்பட்ட பழஞ்சொல்லிலிருந்து வந்தது. தண்ணீருக்குப் பழைய சொல் ‘ஹுதோர்’. இன்று ‘நெரோ’. ‘புதுத் தண்ணீர்’ என்று சொல்லிச் சொல்லி, தண்ணீர் உதிர்ந்து ‘புதுசு’ மட்டும் நின்றுவிட்டது. தண்மையான நீர் நமக்குத் தண்ணியானதும் இதற்குப் பக்கத்து வீட்டுக் கதை. மதுவுக்கு ‘ஓய்னொஸ்’ போய் ‘க்ரஸி’ வந்தது. கலப்பு என்று அர்த்தம். தண்ணீர் கலந்து குடித்த பழக்கம் அந்தப் பெயரில் இருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது மீன். பழைய சொல் ‘இக்துஸ்’. ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வதை, நம்ம பாஷையில் வெஞ்சனத்தை, ‘ஒப்ஸொன்’ என்பார்கள். அதைச் செல்லமாகக் குறுக்கி ‘ஒப்ஸாரியொன்’. யோவான் சுவிசேஷத்தில் ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வரும் இடத்தில் மீனுக்கு இந்தச் சொல்தான் நிற்கிறது. அதுவே தேய்ந்து இன்று ‘ப்ஸாரி’. பசித்தவன் தட்டிலிருந்து பார்த்து வைத்த பெயர் இது.

1821இல் துருக்கியரை எதிர்த்து எழுந்து கிரேக்கர்கள் தனி நாடு கண்டபோது, படித்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் கூச்சமாக இருந்தன. மொழியைக் கழுவிப் பழைய பெருமைக்குப் பக்கத்தில் கொண்டுபோக நினைத்தார்கள். அப்படி வளர்ந்த எழுத்துமொழிக்குப் பெயர் ‘கதாரெவூஸா’. தூய்மை என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர். எதிரே நின்றது ‘திமொதிகி’, மக்கள் மொழி. தூய்மை என்று எவன் பேசினாலும், அழுக்கு என்று யாரைச் சொல்லப்போகிறான் என்று நாம் பார்க்க வேண்டியிருக்கிறது. மொழியியலாளர் பெர்குசன் 1959இல் எழுதிய கட்டுரையில் ஒரு காட்சி சொல்கிறார். உணவுவிடுதிப் பட்டியலில் மதுவுக்குப் பழைய சொல் அச்சிட்டிருக்கும். சாப்பிட வந்தவர் பரிமாறுகிறவரிடம் ‘க்ரஸி’ என்றுதான் கேட்பார். எழுத்து ஒரு சாதி, வாய் ஒரு சாதி.

இதற்காக ரத்தமும் சிந்தியது. 1901இல் அலெக்சாந்திரோஸ் பாலிஸ் சுவிசேஷத்தை மக்கள் மொழியில் பெயர்த்து ஏதென்ஸ் நாளிதழ் ஒன்றில் வெளியிட்டார். புனித நூலைச் சந்தைப் பேச்சில் எழுதுவதா என்று கலவரம். எட்டுப் பேர் செத்தார்கள். அரசாங்கம் விழுந்தது. கலவரத்தில் முன்னே நின்றவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள் என்பதை நம் மாணவத் தோழர்கள் கவனிக்க வேண்டும். படிப்பு தானாக யாரையும் மக்கள் பக்கம் கொண்டுவந்து நிறுத்திவிடாது. 1911 அரசியல் சட்டம் ஆட்சிமொழியைச் சிதைக்கும் முயற்சியைத் தடைசெய்து தனி விதியே போட்டது. 1967 முதல் 1974 வரை ஆண்ட ராணுவ ஆட்சியும் தூய மொழியைத்தான் தூக்கிப் பிடித்தது. அந்த ஆட்சி விழுந்த பிறகு, 1976இல்தான் மக்கள் மொழி கல்விமொழி ஆயிற்று.

4

இதோடு நிறுத்தினால் மக்கள் மொழி ஜெயித்த கதை. ஆனால் இடையில் நடந்த ஒன்றை விட்டுவிட முடியாது.

1936இல் ஆட்சியைப் பிடித்த சர்வாதிகாரி மெதக்ஸாஸ் மக்கள் மொழிக்கு ஆதரவானவர். திமொதிகியின் பேர்போன இலக்கணம், மனோலிஸ் த்ரியாந்தாஃபிலிதிஸ் தலைமையில் எழுதப்பட்டு 1941இல் வெளிவந்தது, அவர் அரசு ஏற்பாடு செய்ததுதான். அதே ஆட்சியில், வட கிரேக்கத்து மாசிடோனியப் பகுதியில் ஸ்லாவிய மொழி பேசிய குடியானவர்கள் தங்கள் மொழியைப் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். அபராதம், சிறை. அவர்களுடைய கிராமங்களின் பெயர்களை முந்தைய அரசுகள் 1920களிலேயே மாற்றத் தொடங்கியிருந்தன. அந்தக் குடியானவர் வீட்டில் ரொட்டிக்கு ‘லெப்’ என்று பெயர், தண்ணிக்கு ‘வொதா’. ‘ப்ஸொமி’ என்ற அடுப்படிச் சொல்லை ஏற்றுக்கொண்ட அதே அரசு, ‘லெப்’ என்ற அடுப்படிச் சொல்லைக் குற்றமாக்கியது.

ஆக, ‘மக்கள்’ என்று சொல்லிவிட்டால் கேள்வி முடிந்துபோகவில்லை. ‘சொல்கிறார்கள்’ என்பதில் உள்ள ‘அவர்கள்’ கொஞ்சம் கீழே இறங்கி வந்து, தனக்குக் கீழே இருக்கிறவர்களின் வாயை அடைத்துவிட்டுத் தானே மக்கள் என்று நிற்கவும் முடியும்.

5

இதைத் தமிழில் எழுதும்போது நம்ம கதையைச் சொல்லாமல் இருக்க முடியுமா? 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் வடமொழி ஆதிக்கத்தை எதிர்த்ததில் நமக்கும் பங்கு உண்டு, நன்றியும் உண்டு. ஆனால் அந்தத் தூய தமிழின் வாசலில் நம்ம தெருத் தமிழ் ‘கொச்சை’ என்ற பெயரோடுதான் நின்றது. நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது சங்க இலக்கியத்துத் தோற்கருவிகளை வரிசையாக ஒப்பிக்க வேண்டும். தண்ணுமை, முழவு, தொண்டகம். பறையை அடிக்கும் இரண்டு குச்சிகளுக்கு அடிக்குச்சி, சிண்டுக்குச்சி என்று பெயர் இருப்பது அந்த வகுப்பறைக்குத் தெரியாது. அடிக்கிறவரை யாரும் கேட்டதில்லை. உப்புக்கண்டமும் சுவரொட்டியும் பாடத்தில் வராது. 1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தபோது, இதெல்லாம் இலக்கிய நடையா என்று முகம் சுளித்தவர்கள் 1901 ஏதென்ஸ் மாணவர்களின் பங்காளிகள்தான்.

பேர்ல என்ன இருக்கு, நிலமும் கூலியும்தானே முக்கியம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. துப்புரவுப் பணியாளர் ‘தூய்மைப் பணியாளர்’ ஆகிவிட்டார். துடைப்பம் அதே கையில்தான் இருக்கிறது. பெயரை மாற்றுவதால் மட்டும் எதுவும் மாறிவிடாது என்பதற்கு இது சாட்சி. ஆனால் இந்தப் புதுப் பெயரையும் மேலே உட்கார்ந்திருந்த ‘அவர்கள்’தான் வைத்தார்கள். ஹெர்மோஜெனீஸ் சொன்னதில் பாதி சரி: பெயர்கள் மாறக்கூடியவை. யார் மாற்றுகிறார்கள் என்பதை அவர் பேசவில்லை, ஏனென்றால் மாற்றுகிறவர் அவராகவே இருந்தார். ‘தலித்’ என்று நாம் நம்மைச் சொல்லிக்கொள்ளும்போது நடப்பது வேறு. அங்கே ‘சொல்றாங்க’ என்பது ‘சொல்றோம்’ என்று ஆகிறது. படர்க்கை தன்மையாகிறது. அந்தத் தன்மைப் பன்மைக்குள்ளேயும் யாருடைய வாய் அடைபடுகிறது, பெண்களுடையதா, நமக்குள்ளேயே கீழாக நினைக்கப்படும் சாதியினுடையதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மெதக்ஸாஸ் கதை சொல்லும் எச்சரிக்கை அதுதான்.

ஒருவரிடம் ஒரு பொருளின் பெயரைக் கேட்பது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். அப்படிக் கேட்கும்போது, உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது, நீ சொல்லு, நான் கத்துக்கிறேன் என்று ஒப்புக்கொள்கிறோம். கிழவரை ‘டேய்’ என்று கூப்பிட்ட வீட்டிலிருந்து இந்தக் கேள்வி ஒருநாளும் வந்ததில்லை. படித்துவிட்ட நம்மிடமிருந்தாவது வர வேண்டும். மாணவத் தோழர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு கொண்டுபோகலாம். செருப்புத் தைக்கிறவரின் ஊசிக்கு, களத்துமேட்டு முறத்துக்கு, சாவு மேளத்தின் ஒவ்வொரு அடிக்கும் என்ன பெயர் என்று அதைக் கையாள்கிறவர் சொல்ல எழுதிக்கொள்ளலாம். சொன்னவரின் பெயரையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். ஊர் அவரைக் கூப்பிடும் பெயரை விட்டுவிட்டு, தன்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவர் நினைக்கிறாரோ அந்தப் பெயரை அவரிடமே கேட்டு எழுத வேண்டும்.